எஞ்சிய படியும் இழந்த படமும்: தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்களின் குறுந்தகட்டுச் சேகரிப்பில் மூலபாடச் சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

1931 முதல் 1950 வரையிலான தமிழ்ப் பேசும்படங்களை ஆராய்வோரில் பெரும்பாலோர் அவற்றைப் படச்சுருளில் கண்டவர்கள் அல்லர். விசிடி, டிவிடி ஆகிய குறுந்தகடுகளின் வழியாகவும் அவற்றிலிருந்து இணையத்தில் ஏற்றப்பட்ட படிகளின் வழியாகவும் கண்டவர்களே. ஆயினும் ஆய்வேடுகளில் படத்தின் பெயரும் வெளிவந்த ஆண்டும் மட்டுமே சுட்டப்படுகின்றன. ஆய்வாளர் எந்தப் படியைப் பார்த்தார் என்பது சுட்டப்படுவதில்லை. ஏட்டுச்சுவடிப் பதிப்பியலில் நூறாண்டுக்கு மேலாகக் கடைப்பிடிக்கப்பட்டுவரும் பாட ஒப்பீட்டு நெறியைத் திரைப்படக் குறுந்தகடுகளுக்கும் பொருத்த வேண்டும் என்பதையும், காப்பக வசதியற்ற பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் இச்சேகரிப்பு ஏன் இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பேசும்படம், குறுந்தகடு, மூலபாடம், பாடவேறுபாடு, தணிக்கைச் சான்றிதழ், பாட்டுப் புத்தகம், சேகரிப்பு.

முன்னுரை

தமிழின் முதல் பேசும்படமாகக் கருதப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியானது. எச்.எம். ரெட்டி இயக்கி, டி.பி. ராஜலட்சுமி நடித்த அப்படத்தின் படி இன்று இல்லை. அதே ஆண்டு மார்ச் 14 அன்று வெளியான இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வும் இல்லை. ஆர். நடராஜ முதலியாரின் மௌனப் படமான 'கீசக வதம்' இல்லை. கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த 1935ஆம் ஆண்டுப் படமும் இல்லை. தமிழ்த் திரைப்பட வரலாற்றின் முதல் அத்தியாயம் பெரிதும் இல்லாத படங்களைப் பற்றிய எழுத்தாகவே அமைந்துள்ளது. நாளிதழ் விளம்பரங்கள், பாட்டுப் புத்தகங்கள், இசைத்தட்டுகள், நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றைக் கொண்டு சு. தியடோர் பாஸ்கரன், ராண்டார் கை, பிலிம் நியூஸ் ஆனந்தன் முதலியோர் அதனைக் கட்டியெழுப்பினர்.

எஞ்சிய படங்களின் நிலை வேறு. 'அசோக்குமார்' (1941), 'சபாபதி' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944), 'மீரா' (1945), 'சந்திரலேகா' (1948) போன்றவற்றை இன்று எவரும் பார்க்கலாம். பார்க்க முடிகிறது என்பதாலேயே இவற்றைப் பற்றிய ஆய்வில் ஐயத்திற்கு இடமில்லை என்னும் எண்ணம் ஏற்பட்டுள்ளது. இவ்வெண்ணம் மறுபரிசீலனைக்கு உரியது. நாம் பார்ப்பது 1944இல் திரையிடப்பட்ட படமா, அல்லது பல கைகள் மாறி, பலமுறை வெட்டுண்டு, பிற்காலத்தில் குறுந்தகட்டில் ஏறிய ஒரு படியா என்னும் வினாவைத் தமிழ்த் திரையாய்வு இன்னும் முறையாக எழுப்பவில்லை.

படச்சுருளிலிருந்து குறுந்தகட்டிற்கு

1950களின் தொடக்கம் வரை திரைப்படங்கள் நைட்ரேட் படச்சுருளிலேயே பதிவாயின. அது எளிதில் தீப்பற்றும். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் பிசுபிசுத்துப் பின் பொடியாகும். ஓட்டம் முடிந்த படத்தின் சுருள்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காக விற்று உருக்கிய வழக்கமும் இருந்தது. நைட்ரேட்டுக்கு மாற்றாக வந்த அசிட்டேட் சுருளும் நாளடைவில் புளிக்காடி நெடியுடன் சுருங்கிச் சிதையும் இயல்பினது. 1964இல் புனேயில் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம், அதன் முதற் காப்பாளர் பி.கே. நாயரின் உழைப்பால் பல படங்களை மீட்டது. ஆங்கிலேய அரசால் தடைசெய்யப்பட்ட கே. சுப்ரமணியத்தின் 'தியாகபூமி' (1939) இன்று ஆய்வுக்குக் கிடைப்பது அக்காப்பகத்தில் அதன் படி காக்கப்பட்டமையால்தான். ஆயினும் 2003 சனவரி 8 அன்று புனேயில் நிகழ்ந்த தீ விபத்தில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பெருமளவில் எரிந்தன. காப்பகமும் அழிவுக்கு அப்பாற்பட்டதன்று.

1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணத் தொலைக்காட்சியும் அதனைத் தொடர்ந்து ஒளிநாடாக் கருவியும் இந்தியாவில் பரவின. தமிழகச் சிற்றூர்களில் அக்கருவி 'டெக்' என்றே வழங்கப்பட்டது. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா முதலிய நிகழ்ச்சிகளில் வாடகைக்கு டெக் எடுத்து விடிய விடியப் படம் போடுவது வழக்கமாயிற்று. 1993இல் தரப்படுத்தப்பட்ட விசிடி, மேலை நாடுகளில் பெரிதும் ஏற்கப்படாத நிலையில், இந்தியாவிலும் கிழக்காசியாவிலும் பரவலான வடிவமாக நிலைபெற்றது. 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தகட்டுக் கருவிக்கான திரையைச் சிற்றூர் வீடுகளுக்குள்ளும் கொண்டுசேர்த்தது. அதே காலகட்டத்தில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. பேருந்து நிலையக் கடையில் 'ஹரிதாஸ்' கிடைக்கும் நிலை அவ்வாறு உருவாயிற்று.

பதிப்புரிமைச் சட்டமும் இதற்குத் துணைநின்றது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். இக்கணக்கின்படி 1944ஆம் ஆண்டுப் படத்தின் உரிமைக்காலம் 2004இன் இறுதியில் நிறைவுற்றது. உரிமைக்காலம் முடிந்த படத்தை வெளியிட எவருடைய இசைவும் தேவையில்லை. நல்ல படியைத் தேடிச் செலவிட வேண்டிய கட்டாயமும் இல்லை. விலை மலிவுக்கும் படியின் தரக்குறைவுக்கும் இதுவே பொதுக் காரணமாயிற்று.

ஹாலிவுட்டோடு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவின் தொடக்ககாலப் பேசும்படங்கள் வீட்டுக் காணொளியாக மாறிய வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் இழப்பு பெரிதே. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட டேவிட் பியர்சின் அறிக்கை, ஏறத்தாழ 11,000 அமெரிக்க மௌனப் படங்களுள் 14 விழுக்காடு மட்டுமே முதலில் வெளியான வடிவில் எஞ்சியுள்ளதாகக் கணக்கிட்டது. பேசும்படங்களும் சிதைவுக்குத் தப்பவில்லை. 1934இன் இடையிலிருந்து ஒழுக்க விதித்தொகுப்பு கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, முன்னர் வெளியான படங்கள் மறுவெளியீட்டிற்காக வெட்டப்பட்டன. 'கிங் காங்' (1933) 1938ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் பல காட்சிகளை இழந்தது. 'பிராங்கன்ஸ்டைன்' (1931) படத்தில் சிறுமி நீரில் எறியப்படும் காட்சி பல பத்தாண்டுகள் இல்லாமலே திரையிடப்பட்டது.

எனினும் அங்கு வீட்டுக் காணொளி, இழந்ததை மீட்கும் பதிப்பு முயற்சியாகவும் வளர்ந்தது. 'பேபி ஃபேஸ்' (1933) படத்தின் தணிக்கைக்கு முந்தைய வடிவம் 2004இல் நாடாளுமன்ற நூலகச் சேமிப்பில் கண்டறியப்பட்டது. 2006இல் வெளியான டிவிடித் தொகுப்பில் வெட்டுக்கு முந்தைய வடிவமும் திரையரங்குகளில் ஓடிய வடிவமும் ஒருங்கே இடம்பெற்றன. இரு பாடங்களையும் வாசகர் முன் வைக்கும் செம்பதிப்புக்கு நிகரான செயல் இது. 2009இல் வார்னர் நிறுவனம், வாங்குவோர் கேட்கும்போது ஒவ்வொரு படியாகப் பதிந்து தரும் முறையில் தன் பழைய படங்களை வெளியிடத் தொடங்கியது. விற்பனை குறைந்த படமும் அதனால் சேகரிப்பாளரை அடைந்தது.

தமிழில் இவ்விரண்டும் நிகழவில்லை. இதன் விளைவு சேகரிப்பாளரின் மனநிறைவின்மையோடு நிற்பதில்லை; ஆய்வு முடிவையே அது பாதிக்கிறது. ஜேம்ஸ் வேல் இயக்கிய ஹாலிவுட் படமான 'தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்' 1939இல் வெளிவந்தது. அக்கதையைத் தழுவி மாடர்ன் தியேட்டர்ஸ் பி.யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்து 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தை வெளியிட்டது. இவ்விரு படங்களையும் ஒப்பிடும் ஆய்வாளர் ஒன்றைத் தெளிந்த படியிலும் மற்றொன்றைப் பலமுறை படியெடுத்து மங்கிய வடிவிலும் பார்க்க நேர்கிறது. தமிழ்ப் படத்தின் ஒளிப்பதிவு தட்டையானது, ஒலி தெளிவற்றது என்று அவர் எழுதும் முடிவு, 1940ஆம் ஆண்டுக் கலைஞர்களைப் பற்றியதா, பிற்காலத்தில் படியெடுத்தவரைப் பற்றியதா என்பது தெளியப்படாமலே போகிறது. ஹாலிவுட்டில் பயிற்சி பெற்றுத் தமிழுக்கு வந்த எல்லிஸ் ஆர். டங்கனின் 'அம்பிகாபதி' (1937), 'மீரா' (1945) ஆகியவற்றின் காட்சியமைப்பை மதிப்பிடும்போது இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. ஒளியும் நிழலும் படரும் நுட்பத்தை அவர் எவ்வளவு கையாண்டார் என்பதை, நிழற்பகுதி முழுவதும் ஒரே கருமையாகத் தோன்றும் தகட்டைக் கொண்டு அறிய இயலாது.

சுவடிப் பதிப்பு தரும் நெறி

இச்சிக்கலை எதிர்கொள்ளும் நெறி தமிழ்ப் புலமை மரபில் முன்னரே உள்ளது. அந்நெறியை வளர்த்தவர்களுள் தலையாயவரான உ.வே. சாமிநாதையரின் இளமைக் கல்வி இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது. அரியலூர்ச் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, காரை கிருஷ்ணசாமி ரெட்டியார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார் ஆகியோரிடம் தாம் கற்றதை அவர் தம் தன்வரலாற்றில் விரிவாகப் பதிந்துள்ளார். ஒரு நூலைக் கற்க அதன் ஏட்டை வைத்திருப்பவரைத் தேடிச் செல்ல வேண்டும் என்ற நிலையை அவர் முதலில் உணர்ந்தது இவ்வூர்களில்தான். பின்னர்ச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, கிடைத்த ஒரே படியை அச்சேற்றுவதோடு அவர் அமையவில்லை. பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி, ஒப்பிட்டு, பிரதிபேதங்களைக் கருத்திற்கொண்டார்.

அவ்வாறு செம்மைப்படுத்தப்பட்ட பதிப்பைக் கையாண்டு பழகிய தமிழாய்வாளர், திரைப்படத்திற்கு வரும்போது மட்டும் கைக்குக் கிடைத்த ஒரு தகட்டை மூலமாகக் கொள்வது முரணானது. புறநானூற்றுப் பாடலொன்றில் அடி சிதைந்திருப்பின் அங்குப் புள்ளியிட்டுக் காட்டுகிறோம். திரைப்படத்தில் ஒரு காட்சி நடுவே அறுந்து அடுத்த காட்சி தாவி வந்தால், அதனை இயக்குநரின் படத்தொகுப்புக் குறையாகவோ உத்தியாகவோ எழுதிவிடுகிறோம்.

ஏட்டிற்கும் தகட்டிற்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஏடெழுதுவோர் சொல்லை மாற்றுவார். படியெடுக்கும் கருவி சொல்லை மாற்றாது. சுவடியில் பாடம் திரிதல் மிகுதி. திரைப்படத்தில் பாடம் குறைதல் மிகுதி. ஆனால் குறைதலும் பாடவேறுபாடே. மேலும், தயாரிப்பு நிலையிலேயே திரிபு நேர்ந்த சான்றுகளும் உள்ளன. ஏவி. மெய்யப்பனின் 'ஸ்ரீவள்ளி' (1945) படத்தில் வள்ளியாக நடித்த ருக்மணியின் பாடல்களுக்குப் பதிலாகப் பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது திரைவரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. ஒரே உருவத்திற்கு இரு குரல்கள் இருந்த படத்தில், 'மூலபாடம்' எது என்னும் வினா எளிதில் விடைகாணத்தக்கதன்று.

தகட்டை வாசித்தல்: நான்கு அகச்சான்றுகள்

படியின் நம்பகத்தன்மையை அறியத் தகட்டிற்குள்ளேயே சான்றுகள் உள்ளன. அவற்றுள் நான்கு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலாவது, தணிக்கைச் சான்றிதழ். சுவடியின் இறுதியில் எழுதி முடித்த நாளும் எழுதியவர் பெயரும் இருப்பதுபோல், திரைப்படத்தின் தொடக்கத்தில் சான்றிதழ் காட்டப்படுகிறது. படத்தின் நீளம், சுருள்களின் எண்ணிக்கை, சான்றளித்த நாள் ஆகியன அதில் இருக்கும். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி சான்றிதழ் முன்னர் 10 ஆண்டுகளுக்கே செல்லும். எனவே மறுவெளியீட்டுப் படிகளில் பிற்காலத்து நாள் காணப்படலாம். வெட்டுகளோடு சான்றளிக்கப்பட்ட படமாயின் சான்றிதழின் கீழ்ப்பகுதியில் முக்கோணக் குறி இடம்பெறும். 1940களின் படத்திற்கு 1950களின் அல்லது 1960களின் சான்றிதழ் இருப்பின், அத்தகடு மறுவெளியீட்டுப் படியிலிருந்து வந்தது என்பது தெளிவாகும். தகட்டு வெளியீட்டாளர் பலர் தம் முத்திரைப் படத்தைச் சேர்க்கும்பொருட்டு இப்பகுதியை நீக்கிவிடுகின்றனர். சேகரிப்பாளர் ஒரே படத்தின் பல தகடுகளைத் திரட்டுவதன் பயன் இங்குதான் விளங்கும்; ஒன்றில் நீக்கப்பட்ட சான்றிதழ் மற்றொன்றில் எஞ்சியிருக்கக்கூடும்.

இரண்டாவது, நீளம். 35 மில்லிமீட்டர் படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். இரண்டாம் உலகப்போரின்போது கச்சாப் படச்சுருள் தட்டுப்பாட்டினால் 1943 முதல் முழுநீளப் படங்கள் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்று அரசு வரையறுத்தது. 11,000 அடி என்பது ஏறத்தாழ 122 நிமிடம். இந்தியத் தகடுகள் பின்பற்றும் பால் முறையில் நொடிக்கு 25 சட்டகம் ஓடுவதால், அதே படம் சட்டகம் ஒன்றும் குறையாமலே ஏறத்தாழ 117 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆகவே போர்க்காலப் படமொன்றின் தகடு 117 நிமிடம் ஓடினால் 5 நிமிடம் வெட்டப்பட்டது என்று முடிவுகட்டக் கூடாது. மாறாக, 11,000 அடி எனச் சான்று பெற்ற படம் 105 நிமிடமே ஓடுமாயின், ஏறத்தாழ 1,100 அடி, அதாவது ஒரு சுருளுக்குச் சற்று மேற்பட்ட பகுதி, இல்லை என்று கொள்ளலாம். எளிய வகுத்தல் கணக்கே இங்குப் பாட ஆய்வுக் கருவியாகிறது.

மூன்றாவது, சுருதி. 24இலிருந்து 25ஆக வேகம் கூடும்போது ஒலியும் உயர்கிறது. உயர்வின் அளவு ஓர் அரைச்சுரத்தின் பத்தில் ஏழு பங்கு. சுருதித் திருத்தம் செய்யப்படாத தகட்டைக் கேட்டு எம்.கே. தியாகராஜ பாகவதரின் கட்டையை மதிப்பிடும் இசையாய்வாளர், அவர் பாடியதைவிட அரைக்கட்டையை நெருங்கும் அளவுக்கு உயர்ந்த சுருதியையே குறிப்பார். பாகவதரின் உச்சக்குரல் பற்றிய புகழுரைகள் நிறைந்த துறையில் இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. 78 சுழற்சி இசைத்தட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம் எனின், அங்கும் எச்சரிக்கை வேண்டும். தொடக்ககாலத் திரைப்பாடல்கள் இசைத்தட்டிற்கெனத் தனியே பாடிப் பதியப்பட்டமையும், ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே இடமிருந்தமையால் சுருக்கப்பட்டமையும் உண்டு. இசைத்தட்டு வேறொரு பாடமேயன்றித் திரைப்படத்தின் படியன்று.

நான்காவது, சட்டகமும் தகட்டுப் பிரிவும். தொடக்ககாலப் பேசும்படத்தின் சட்டகம் பழைய தொலைக்காட்சித் திரையின் 4:3 விகிதத்தை நெருங்கியது. ஆகவே பழைய விசிடியில் உருவம் பெரும்பாலும் முழுமையாகவே கிடைத்தது. பிற்காலத்தில் அகலத்திரைத் தொலைக்காட்சிக்கென இழுத்துவிடப்பட்ட படிகளில் முகங்கள் பருத்தும், மேலும் கீழும் வெட்டப்பட்ட படிகளில் தலையும் பாதமும் இன்றியும் தோன்றுகின்றன. விசிடி ஒன்றில் 74 நிமிட அளவே பதிய முடியும் என்பதால் ஒரு படம் இரண்டு அல்லது மூன்று தகடுகளாகப் பிரிக்கப்பட்டது. பிரிவு காட்சியின் நடுவிலும் நேர்ந்தது. அவ்விடத்தில் சில நொடிகள் இழப்பதும், பின்னர் ஒன்றிணைத்து இணையத்தில் ஏற்றுவோர் அவ்விடைவெளியை மறைத்துவிடுவதும் இயல்பு.

இல்லாமையைச் சான்றாகக் கொள்ளும் பிழை

தகட்டை நம்புவதால் விளையும் தவறுகளுள் மிகுதியும் தீங்கானது, காணப்படாததை இல்லாததாகக் கொள்வதாகும். தொடக்ககாலப் படங்களில் மையக்கதையோடு தொடர்பற்ற நகைச்சுவைப் பகுதிகள் தனியே எடுக்கப்பட்டு இணைக்கப்பட்டன. கதைக்கு ஊறின்றிக் கழற்றத்தக்க உறுப்பு என்பதால் மறுவெளியீட்டில் முதலில் நீக்கத்தக்கவையாகவும் அவையே இருந்தன. என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இணையின் சமூக விமரிசனம் இத்தகைய பகுதிகளிலேயே பெரிதும் அமைந்தது. ஒரு படத்தில் சீர்திருத்தக் கருத்து இல்லை என எழுதுமுன், அக்கருத்து இருந்திருக்கக்கூடிய பகுதி படியில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். பாடல்களுக்கும் இது பொருந்தும். பல பத்துப் பாடல்களோடு வெளிவந்த படங்கள் பின்னாளில் பாடல் குறைக்கப்பட்டே ஓடின. மறுதலையாக, பாடற்காட்சிகளை மட்டும் தொகுத்த தகடுகளில் உரையாடல் முழுவதும் கைவிடப்பட்டது. 'அசோக்குமார்' முதலிய படங்களில் எம்.ஜி. இராமச்சந்திரன் ஏற்ற சிறு வேடங்களை ஆராய்வோர்க்கும் ஒரு நிமிட வெட்டு பெரிய இழப்பாகும்.

இவ்விடத்தில் புறச்சான்றாக உதவுவது பாட்டுப் புத்தகம். திரையரங்குகளில் விற்கப்பட்ட இச்சிறு வெளியீடுகளில் நடிகர் பட்டியலும் கதைச்சுருக்கமும் பாடல்களும் வரிசையாக அச்சிடப்பட்டன. முடிவைச் சொல்லாமல் மீதியை வெள்ளித்திரையில் காண்க எனக் கதைச்சுருக்கம் நிற்பது வழக்கம். கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் அமைந்த சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய புத்தகங்கள் காக்கப்படுகின்றன. பாட்டுப் புத்தகத்தின் பாடல் வரிசையையும் தகட்டின் பாடல் வரிசையையும் அருகருகே வைத்துப் பார்ப்பின் விடுபட்டதும் இடம்மாறியதும் புலப்படும். படம் தயாராகும்போதே கல்கியின் எழுத்தில் ஆனந்த விகடனில் நிழற்படங்களோடு தொடராக வந்த 'தியாகபூமி' போன்றவற்றுக்கு இதழ்ப்பக்கமும் ஒப்பீட்டு மூலமாகும். ஆயினும் பாட்டுப் புத்தகம் படப்பிடிப்பின்போதோ வெளியீட்டிற்கு முன்னரோ அச்சானது. அதிலுள்ள பாடல் படத்தில் இடம்பெறாமலும் போயிருக்கலாம். ஒன்றை அளவுகோலாக்கி மற்றொன்றைத் திருத்துவதைவிட, இரண்டையும் சான்றுகளாகப் பதிவதே முறை.

பெரம்பலூர், அரியலூர்: மையத்திலிருந்து தொலைவு

பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்ட மாவட்டம். அரியலூர் 2007இல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. இவ்விரு மாவட்டங்களிலும் திரைப்படக் காப்பகம் இல்லை. இங்குள்ள கல்லூரியில் தொடக்ககாலத் தமிழ்ப் படத்தை ஆராய விரும்பும் மாணவர்க்குப் புனே பல நூறு கிலோமீட்டர் தொலைவு. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்கச் சென்னைக்குச் செல்ல வேண்டும். படச்சுருளைப் பாராதோர் திரையாய்வு செய்யலாகாது என்னும் கருத்து, நடைமுறையில் பெருநகரத்தார் மட்டுமே ஆய்வு செய்க என்பதாகவே முடியும். இத்தகைய இடங்களில் தகடே காப்பகம். எனவே தகட்டை இகழ்ந்து ஒதுக்குவதும் ஏற்புடையதன்று; அதனை ஐயமின்றி ஏற்பதும் ஏற்புடையதன்று.

அத்தகடும் நெடுநாள் நில்லாது. வாடகைக் கடைகள் மூடப்பட்டு, தகட்டுக் கருவிகள் வழக்கொழிந்து, மிகுதியாய் வெளியிட்ட நிறுவனங்களே கலைக்கப்பட்டுள்ள காலம் இது. 28 ரூபாய்க்கு உலகெங்கும் பேசப்பட்ட மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018இல் ஆணை பிறந்தது. வீடுகளில் எஞ்சிய தகடுகள் பழைய பொருள் கடைகளுக்குச் செல்கின்றன. தகட்டின் ஒளிதெறிக்கும் பூச்சு ஈரத்தால் சிதைகிறது. எழுதத்தக்க தகடுகளின் சாயம் வெயிலால் மங்குகிறது. எல்லாம் இணையத்தில் உள்ளது என்னும் விடை இங்குப் பயன்படாது. இணையத்தில் ஏற்றப்பட்டவை பெரும்பாலும் இத்தகடுகளின் படிகளே. எந்தத் தகட்டிலிருந்து ஏற்றப்பட்டது என்னும் குறிப்பு அவற்றோடு இருப்பதில்லை. முன்னறிவிப்பின்றி நீக்கப்படுவதும் உண்டு.

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் படிவுகளில் கிடைக்கும் கடல்வாழ் தொல்லுயிர் எச்சங்களை ஆராய்வோர், ஓர் எச்சம் எவ்விடத்தில் எந்த அடுக்கில் கிடைத்தது என்பதைக் குறித்த பின்னரே அதனை எடுப்பர். அக்குறிப்பற்ற எச்சம் காட்சிப்பொருளாகலாம். காலத்தை நிறுவும் சான்றாகாது. தகட்டுச் சேகரிப்புக்கும் இக்கட்டுப்பாடு வேண்டும். ஒவ்வொரு தகட்டிற்கும் பின்வருவனவற்றைப் பதிதல் போதுமானது: வெளியீட்டாளர் பெயரும் உறையிலுள்ள ஆண்டும், பால் அல்லது என்.டி.எஸ்.சி முறை, தகடுகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் ஓட்ட நேரமும், சான்றிதழ் உண்டா, உண்டெனில் அதன் நாளும் நீளமும், பெயர்ப்பட்டியல் முழுமையா, பாடல்கள் எந்த நிமிடத்தில் தொடங்குகின்றன, காட்சி அறுபடும் இடங்கள், தகடு கிடைத்த ஊர். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. இளங்கலை மாணவர் ஒருவர் ஒரு படத்திற்கு ஒரு நாள் செலவிட்டு இதனைச் செய்துமுடிக்கலாம்.

சட்டச் சிக்கல் குறித்தும் ஒன்று கூறவேண்டும். படத்தின் உரிமைக்காலம் முடிந்திருப்பினும் பாடல்வரிகளின் உரிமை ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் தொடரும். 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்கள் இதற்கு எடுத்துக்காட்டு. ஆகவே கல்லூரிகள் தகடுகளைப் படியெடுத்துப் பரப்புவது வேறு. தகடுகளைத் திரட்டிக் காத்து, ஆய்வாளர் பார்க்கத் தந்து, அவற்றைப் பற்றிய விவரங்களை வெளியிடுவது வேறு. இங்குப் பரிந்துரைக்கப்படுவது பின்னதே.

முடிவுரை

தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்களின் குறுந்தகடுகள் படத்தின் மூலம் அல்ல; மூலத்தின் சிதைந்த, ஆனால் மதிப்புள்ள சாட்சிகள். ஒரே படத்திற்குப் பல தகடுகள் இருப்பது வீண் பெருக்கம் அன்று, ஒப்பீட்டுக்கான வாய்ப்பு. சான்றிதழ், நீளம், சுருதி, சட்டகம் ஆகிய நான்கையும் கொண்டு எந்த ஆய்வாளரும் தம் கையிலுள்ள படியின் தன்மையை ஓரளவு அறியலாம். பாட்டுப் புத்தகமும் இதழ்த்தொடரும் இசைத்தட்டும் புறச்சான்றாக உதவும்.

இவற்றின் அடிப்படையில் இரண்டு செயல்கள் உடனடித் தேவையாகின்றன. ஆய்வேடுகளில் திரைப்படத்தைச் சுட்டும்போது ஆண்டோடும் இயக்குநர் பெயரோடும் பார்த்த படியின் வெளியீட்டாளர், வடிவம், ஓட்ட நேரம் ஆகியவற்றையும் சுட்டுவதை நெறியாளர்களும் தேர்வாளர்களும் கட்டாயமாக்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், தத்தம் நூலகத்தில் ஓர் அடுக்கைத் தகடுகளுக்கென ஒதுக்கி, மேற்குறித்த விவரங்களோடு பட்டியலைத் தொடங்க வேண்டும். சுவடிகளைத் தேடிய தலைமுறைக்கு ஊர் ஊராய் நடக்கும் உழைப்பு தேவைப்பட்டது. தகடுகள் இன்னும் நம் வீட்டு அலமாரிகளில் உள்ளன; அவை இயங்கும் காலத்திற்குள் பட்டியலிடப்பட வேண்டும்.